கழுத்து ஆப்பரேஷனுக்குப் பிறகு சொக்சோ பென்சன்: விண்ணப்பம் எங்கே சிக்குகிறது?

கழுத்தில் தண்டுவடம் நெரிபட்டவருக்கு முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ ஆப்பரேஷன் செய்து நெரிசலை எடுக்கிறார்கள். நோய் மேலும் முற்றாமல் தடுப்பதுதான் முதல் நோக்கம். கெட்டுப்போன நரம்பு முழுசாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. கை மரத்து, நடை தள்ளாடி, வேலைக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு, மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் 'இலாட்' பென்சன் இருக்கிறது.

கவுண்டரில் 'இலாட்' என்றே கேளுங்கள். தேய்மானத்தால் வந்த நோயை வேலை விபத்துப் பாரத்தில் எழுதினால், எந்தத் தேதியில் அடிபட்டது, சாட்சி யார் என்று கேட்டே காலம் ஓடிவிடும். இலாட்டுக்கு விபத்து நடந்திருக்க வேண்டியதில்லை.

பொதுவாக விண்ணப்பம் 60 வயதுக்குள் போய்ச் சேர வேண்டும். முழு பென்சனுக்கு, விண்ணப்பிக்கும் மாதத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதச் சந்தா இருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "கை சரியாகட்டும், பார்க்கலாம்" என்று வேலையை விட்டு வீட்டில் இருந்தால், 16 மாதத்துக்கு மேல் அந்தக் கணக்கு உடைந்துவிடும். விடாமல் பல வருடம் கட்டியவருக்கு வேறு வழி உண்டு: முதல் சந்தாவிலிருந்து எண்ணி மூன்றில் இரண்டு பங்கு மாதம் கட்டியிருந்தால் போதும். காண்ட்ராக்ட் வேலை, கைக்காசு வேலை என்று மாறி மாறிப் போனவருக்கு அதுவும் உதவாமல் போகலாம். ராஜினாமா எழுதும் முன் சந்தாப் பதிவை எடுத்துப் பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாத முதலாளிகள் இருக்கிறார்கள். சம்பளச் சீட்டை வீசாதீர்கள், அதுதான் உங்கள் ஆதாரம்.

பிறகு மருத்துவ வாரியம். வயது, உடல்பலத்துக்கு ஏற்ற வேலையில், நல்ல உடம்புள்ளவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட உங்களால் ஈட்ட முடியாது என்பதை அவர்கள் ஏற்க வேண்டும். பழைய வேலை முடியாது என்பது மட்டும் போதாது. லாரி ஓட்ட முடியாதவரிடம், "உட்கார்ந்து செய்யும் வேலை இருக்கிறதே" என்பார்கள்.

ஆஸ்பத்திரி கொடுக்கும் டிஸ்சார்ஜ் தாளில் "ஆப்பரேஷன் வெற்றி, காயம் ஆறியது, நடக்கிறார்" என்றுதான் இருக்கும். அதை மட்டும் நீட்டினால் நீங்களே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்வதுபோல. எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கட்டுகளும் பயன்படாது. நிபுணரிடம் தனி ரிப்போர்ட் கேளுங்கள். 10 விநாடியில் கையை எத்தனை முறை மூடித் திறக்க முடிகிறது (20 முறையாவது வேண்டும்), சட்டைப் பட்டன் போட முடிகிறதா, பேனா பிடித்து எழுத முடிகிறதா, கைப்பிடி இல்லாமல் படி இறங்க முடிகிறதா, சிறுநீர் அடக்க முடிகிறதா, இனி முன்னேற்றம் வருமா என்பதெல்லாம் அதில் எழுத்தில் வர வேண்டும். எம்ஆர்ஐ அறிக்கையையும் ஆப்பரேஷன் குறிப்பையும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் வையுங்கள். கொடுத்த நாளுக்கு முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

முழு பென்சன் சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு. குறைந்தது மாதம் 550 ரிங்கிட். பென்சனுக்குச் சந்தா போதாமல், 12 மாதமாவது கட்டியிருந்தால் ஒருமுறைத் தொகை கிடைக்கும். குளிக்க, சாப்பிட எப்போதும் ஆள் வேண்டியவருக்கு மாதம் 500 ரிங்கிட் கவனிப்புப் படி தனியாக உண்டு. அதை வாரியத்திடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

மறுத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். பழைய ஃபைலையே மறுபடி அனுப்பாதீர்கள். முதல் ரிப்போர்ட்டில் விடுபட்டதை நிபுணரிடம் புதிதாக எழுதி வாங்கிச் சேருங்கள்.