நாட்டுடைமை: ரயில்பாதைக்கு யார் உடையவர்?

நேஷனலைசேஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன: தேசியமயமாக்கல், நாட்டுடைமையாக்கல். எதை எழுதினாலும் ஒன்றுதான் என்று கடந்துவிடுகிறோம். ரயில்வேயைப் பற்றி எழுதும்போது அப்படிக் கடந்துவிட முடியாது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. பிறப்பு, ஒரே வழியில் பிறந்த கூட்டம் என்று அதற்குப் பொருள். சொத்து என்ற பேச்சே அதில் கிடையாது. 'மயம்' வடமொழியிலிருந்து வந்த ஈறு. சிவமயம், நீர்மயம் என்பது போல நிறைந்திருப்பதைக் காட்டும். ஆகவே தேசியமயம் என்றாலும் சொத்து யாருடையது என்பது தெரியாது.

நாட்டுடைமை அதைச் சொல்லிவிடுகிறது. நாடு + உடைமை. உடையவர், உடையார் எல்லாம் அதே 'உடை' என்ற அடியிலிருந்து பிறந்தவை. திருக்குறளில் அன்புடைமை, அறிவுடைமை, ஊக்கமுடைமை என்று அதிகாரத் தலைப்புகளே உண்டு. அங்கே உடைமை என்பது பொருளல்ல, குணம். அந்தப் பழைய சாயல் இந்தச் சொல்லில் இன்னும் இருப்பதாக எனக்குப் படுகிறது: உடையவர் என்றால் அதைப் பேண வேண்டியவரும் அவரே.

பப்ளிக் ஓனர்ஷிப் என்பதை அப்படியே 'பொதுவுடைமை' என்று எழுதினால் என்ன? சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் தமிழில் அது கம்யூனிசத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது. சுவிட்சர்லாந்து பொதுவுடைமை நாடு அல்ல. ஆனால் 1898-இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்தே தனியார் ரயில்பாதைகளை நாட்டுக்கு வாங்கினார்கள். 'சுவிஸ் ரயில்பாதைகள் சுவிஸ் மக்களுக்கே' என்பது அப்போதைய முழக்கம். இதற்கு நாட்டுடைமைதான் பொருந்தும்.

அப்புறம், அரசுடைமை. இதையும் நாட்டுடைமையையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. 1853-இல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ரயில் விட்ட கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே, லண்டன் பங்குதாரர்களின் கம்பெனி. 1900-இல் அரசு அதை வாங்கியது. வாங்கியது காலனி அரசு. நாடே மக்களிடம் இல்லாதபோது அது எப்படி நாட்டுடைமை ஆகும்? அரசுடைமை என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

அதே ரயில்வே இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. சொத்து கைமாறிய பிறகும் ஓட்டியது பழைய கம்பெனிதான். நிர்வாகம் அரசின் கைக்கு வந்தது 1925-இல். கால் நூற்றாண்டு உடையவர் ஒருவர், ஆள்பவர் இன்னொருவர்! மேலாண்மை என்ற சொல்லில் இருக்கும் 'ஆண்மை' ஆளும் தன்மைதான். உடைமை வேறு, மேலாண்மை வேறு. 'ரயில்வே தனியார்மயம்' என்று செய்தி வரும்போது இந்த இரண்டில் எது கைமாறுகிறது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. எழுதுபவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

எழுத்தாளர்களின் நூல்களுக்கும் இதே சொல்லை வழங்குகிறோம். பாரதியின் படைப்புகள் 1949-இல் நாட்டுடைமை ஆயின. ஆனால் நாட்டுடைமையான நூலை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ரயில்பாதையில் யார் வேண்டுமானாலும் வண்டி விட முடியாது. உடைமை என்ற ஒரே சொல், நூலில் திறந்துவிடுவதையும் ரயிலில் பொறுப்பேற்பதையும் குறிக்கிறது.

இன்றைய பிரிட்டனை எப்படி எழுதுவது? 1948-இல் நான்கு பெரிய கம்பெனிகளையும் நாட்டுடைமையாக்கினார்கள். 1990-களில் தனியாருக்குக் கொடுத்தார்கள். தண்டவாளம் மறுபடி பொதுத்துறைக்கு வந்துவிட்டது. 2024-இல் இயற்றிய சட்டத்தின்படி பயணிகள் ரயில் சேவைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. ஆனால் ரயில்பெட்டிகளில் பெரும்பாலானவை இன்னும் தனியார் குத்தகை நிறுவனங்களுடையவை. அதனால் 'பிரிட்டன் ரயில்வே நாட்டுடைமை' என்று ஒரே வீச்சில் எழுத மாட்டேன். 'ரயில் சேவை நாட்டுடைமையாகிறது, பெட்டிகள் குத்தகையில்' என்று எழுதுவேன்.