கார்டுக்கு ஒரு ஸ்கேல் என்று எழுதி வைக்காதீர்கள்

ஜாஸ் பியானோ கற்க வருகிறவர்களில் பலர், பாட்டின் தாள் கைக்கு வந்ததுமே ஒவ்வொரு கார்டின் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டம்) மேலும் ஒரு ஸ்கேலின் (ஸ்வர வரிசையின்) பெயரை எழுதிவிடுகிறார்கள். வாசிக்க உட்கார்ந்தால் விரல்கள் பாருக்கு பார் (bar, தாளத்தின் ஒரு கட்டம்) தாவுகின்றன. ஒரு இசை வாக்கியம்கூட உருவாவதில்லை. கார்டுகளைத் தனித்தனியாகப் படிப்பதுதான் இதற்குக் காரணம்.

‘ஆட்டம் லீவ்ஸ்’ (Autumn Leaves) பாட்டைப் பாருங்கள். 1945-இல் ஜோசப் கோஸ்மா அமைத்த மெட்டு. 1958-இல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு ஜி மைனரில் பதிவு செய்ததைத்தான் மாணவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுவேன்.

முதல் எட்டு பார்: சி மைனர் 7, எஃப் 7, பி ஃபிளாட் மேஜர் 7, ஈ ஃபிளாட் மேஜர் 7, ஏ மைனர் 7 ஃபிளாட் 5, டி 7, பிறகு இரண்டு பாருக்கு ஜி மைனர். முதல் மூன்றும் சேர்ந்து பி ஃபிளாட் மேஜரின் இரண்டு–ஐந்து–ஒன்று, அதாவது அந்த ஸ்கேலின் 2, 5, 1-ஆம் ஸ்வரங்களில் எழும் கார்டுகள். கடைசி மூன்றும் ஜி மைனரின் இரண்டு–ஐந்து–ஒன்று. நடுவில் இருக்கும் ஈ ஃபிளாட் இரண்டுக்கும் பாலம். பி ஃபிளாட் மேஜர், ஜி மைனர் இரண்டுக்கும் ஸ்வரங்கள் ஒன்றேதான். டி 7 வரும்போது மட்டும் எஃப் அரைச் சுரம் ஏறி எஃப் ஷார்ப் ஆகிறது. ஜி-யை சட்ஜமாக வைத்துப் பார்த்தால், நடபைரவியில் போய்க்கொண்டிருந்தது அந்த ஒரு பாரில் நிஷாதம் மாறி கீரவாணி ஆகிறது. கர்நாடக இசை படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

இதோடு நின்றால் ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவதுதான் மிஞ்சும். ஒவ்வொரு கார்டிலும் அதன் பெயர் ஸ்வரத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்களை மட்டும் எடுத்து வாசித்துப் பாருங்கள். ஒரு குரல் (ஸ்வர இழை) ஈ ஃபிளாட், ஈ ஃபிளாட், டி, டி, சி, சி, பி ஃபிளாட் என்று இறங்கும். இன்னொன்று பி ஃபிளாட், ஏ, ஏ, ஜி, ஜி, எஃப் ஷார்ப் என்று போகும். ஒன்று நிற்கும்போது மற்றது இறங்குகிறது. இன்னும் அழகான விஷயம்: பாட்டின் மெட்டு நீட்டி நிற்கும் இடங்களும் ஈ ஃபிளாட், டி, சி, பி ஃபிளாட்தான்! இசையமைத்தவரே வழியைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வாத்தியத்தைத் தொடாமல் இந்த இரண்டு குரல்களையும் வாயால் பாடுங்கள். பாட வந்த பிறகு, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியை நீங்களே கற்பனை செய்யலாம்.

கடைசி எட்டு பாரில் மட்டும் எச்சரிக்கை தேவை. சில தாள்களில் ஜி மைனரிலிருந்து அரை அரைச் சுரமாக இறங்கும் கார்டுகள் இருக்கும், சிலவற்றில் இருக்காது. பயிற்சிச் செயலியில் ஓடும் பின்னணி இசையும் ஏதோ ஒரு வடிவம்தான். கூட வாசிக்கும் பேஸ் கலைஞர் எதை வாசிக்கிறார் என்று முதல் சுற்றிலேயே காதில் வாங்கிக்கொண்டு, அதன்மேல் உங்கள் சோலோவைத் தொடங்குங்கள்.