கோல் போட்டா ஸ்க்ரீன் ஏன் குதிக்குது? பழைய டிவி கேமுக்கு புதுசா கேம் எழுதுறவங்களுக்கு

வியாசர்பாடியில இருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருக்காரு. பாலிடெக்னிக் முடிச்சிட்டு வேலை தேடிக்கிட்டே, நாம எல்லாம் சின்ன வயசுல ஆடுன அந்த கேசட் போடுற டிவி கேமுக்கு சொந்தமா ஒரு ஃபுட்பால் கேம் எழுதிட்டிருக்காரு, அவங்க ஏரியா கிரவுண்டுதான் பேக்கிரவுண்டு, கோல் விழுந்தா சுத்தி நிக்குற ஜனம் மொத்தமும் கையத் தூக்கணும். லேப்டாப்ல எமுலேட்டர்ல, அதாவது அந்த மெஷின் மாதிரியே நடிக்குற சாஃப்ட்வேர்ல, ஓட்டுனா ஒரு குறையும் இல்ல. அதையே நிஜ மெஷின்ல போட்டு பழைய டிவில பாத்தா, கோல் விழுற நொடியில ஸ்க்ரீன் ஒரு குதி குதிக்குது, அப்புறம் கண்ட இடத்துல சம்பந்தமே இல்லாத டைல் (படத்தோட சின்ன சதுரத் துண்டு) ஒட்டிக்கிட்டு நிக்குது. "நம்ம நாடு பால் சிஸ்டம்னு தெரிஞ்சுதான்ணா எமுலேட்டர்லயும் பால்னு செட் பண்ணேன், அப்பவும் ஏன் இப்படி?"ன்னு கேக்குறாரு. பால்ங்கறது (PAL) நம்ம ஊர் டிவி சிக்னல் முறை.

விடை அவரோட கேள்விக்குள்ளயே இருக்கு. அந்த மெஷின் எப்படி படம் போடுதுன்னு பாத்துட்டு அங்க வருவோம்.

அடிப்படை வேகமா சொல்லிடறேன். நின்டெண்டோ 1983 ஜூலைல ஜப்பான்ல விட்ட ஃபேமிகாம்தான் மூலம், வெளிநாட்டுல அதுக்கு என்இஎஸ்னு பேரு. பர்மா பஜார்லயும் மூர் மார்க்கெட்லயும் நம்ம அப்பா சித்தப்பா எல்லாம் பேரம் பேசி வாங்கிட்டு வந்தது பெரும்பாலும் அதோட காப்பி மெஷினுங்க, 60 பின் கேசட் போடுறது. உள்ள 6502 வம்சத்து சிபியு, 2 கேபி ரேம். ஆமா, 2 கேபிதான். படம் போடுறதுக்கு பிபியுன்னு தனி சிப். ஸ்க்ரீன் 256க்கு 240 புள்ளி, அதை 8க்கு 8 டைலா பிரிச்சா 32 வரிசை அகலம், 30 வரிசை உயரம், மொத்தம் 960 டைல். நம்ம எல்லாரும் மணிக்கணக்கா ஆடுன முதல் சூப்பர் மரியோ மொத்தமே 40 கேபி கேசட்.

இப்ப எனக்கு ரொம்ப புடிச்ச இடத்துக்கு வரேன். இன்னைக்கு இருக்குற போன், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரு முழுப் படத்தை முதல்ல மெமரில வரைஞ்சி வெச்சிட்டு அப்புறமா ஸ்க்ரீனுக்கு அனுப்பும். இந்த மெஷின்ல அதுக்கு இடமே கிடையாது. 256க்கு 240 புள்ளியை எங்க வெக்கிறது, பிபியு பக்கத்துல இருக்குறதும் 2 கேபிதான? அதனால டிவியோட எலக்ட்ரான் கதிர் இடது பக்கம் இருந்து வலது பக்கம் ஓட ஓட, அந்தந்த நொடில அந்தந்த புள்ளிக்கு என்ன கலர்னு பிபியு கண்டுபுடிச்சி அனுப்பிக்கிட்டே இருக்கும், எந்த டைலுன்னு பாத்து, அந்த டைலோட உருவத்தை கேசட்ல இருந்து எடுத்து, கலர் சேத்து, சிக்னலா தள்ளி, உடனே அடுத்த டைலு. கதிர் யாருக்காகவும் நிக்காது. படம்னு ஒண்ணு அந்த மெஷினுக்குள்ள எங்கயுமே முழுசா இருந்ததில்ல, டிவி கண்ணாடில மட்டும்தான் முழுசாகுது. இதை முதல் தடவை புரிஞ்சிக்கிட்ட அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல.

பிபியு இப்படி மூச்சு விடாம ஓடிட்டு இருக்கும்போது சிபியு குறுக்க போய் "இந்த டைலை மாத்து"ன்னு சொல்ல முடியாது. ஏன் முடியாதுங்கறதுலதான் தம்பியோட குப்பை டைல் இருக்கு. பிபியுக்குள்ள 15 பிட்டுல ஒரே ஒரு அட்ரஸ் ரிஜிஸ்டர், இடத்தை குறிச்சி வெக்கிற குட்டி மெமரி. படம் போடும்போது "நான் இப்ப எந்த டைல்ல இருக்கேன், அதுல எத்தனாவது வரி"ன்னு ஞாபகம் வெச்சிக்கிறது அதுதான். சிபியு டைலை மாத்தும்போது "எந்த இடத்துல எழுதணும்"னு குறிச்சிக்கிறதும் அதேதான். ரெண்டு வேலைக்கு ஒரே ரிஜிஸ்டர்! படம் ஓடிட்டு இருக்கும்போது நீங்க 2006ங்கற வாசல்ல (சிபியு பிபியுகிட்ட பேசுற மெமரி நம்பர்) அட்ரஸ் எழுதுனா, பிபியு தான் எங்க நிக்கறோம்னே மறந்துட்டு நீங்க சொன்ன இடத்துல இருந்து படத்தை தொடரும், அதான் அந்த குதி. 2007 வாசல்ல டைலை எழுதுனா அந்த ரிஜிஸ்டர் எப்பவும் போல ஒரு படி நகராது, பக்கவாட்டுலயும் கீழயும் சேந்தே நகரும், அதனால அடுத்தடுத்த டைல் எல்லாம் எங்கயோ போய் உக்காரும். குதி ஒரு ஃபிரேம்ல (டிவி ஒரு தடவை போடுற முழுப் படம்) சரியாயிடும், ஏன்னா அடுத்த ஃபிரேம்ல ஸ்க்ரோலை, அதாவது படம் எங்க இருந்து ஆரம்பிக்கணுங்கறதை, திரும்ப செட் பண்றோம். தப்பா எழுதுன டைலு மெமரியில பதிஞ்சிடுச்சே, அது போகாது. தம்பி சொன்ன ரெண்டு அறிகுறியும் அப்படியே இதுதான்.

அப்ப எப்பதான் எழுதுறது? கதிர் கடைசி வரியை முடிச்சிட்டு மறுபடி மேல போகணும்ல, அந்த நேரத்துல பிபியு சும்மா இருக்கும், அதுக்கு வீபிளாங்க்னு பேரு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு தெரிஞ்சவங்களுக்கு இதை விளக்கவே வேணாம், ஒரு வண்டி போயி அடுத்த வண்டி வரதுக்குள்ள எவ்ளோ பேர் கடக்க முடியுமோ அவ்ளோதான், மிச்சம் பேர் அடுத்த தடவை கேட்டு திறக்குற வரைக்கும் நிக்கணும். வீபிளாங்க் ஆரம்பிச்ச உடனே பிபியு சிபியுவுக்கு என்எம்ஐன்னு ஒரு சிக்னல் குடுக்கும், "இப்ப வா"ன்னு.

எவ்ளோ நேரம் திறந்திருக்கும்? ஜப்பான், அமெரிக்கா மெஷின்ல ஒரு ஃபிரேமுக்கு 262 வரி. 240 வரி படம், அதுக்கப்புறம் 1 வரி சும்மா, 20 வரி வீபிளாங்க், அடுத்த படத்துக்கு தயாராக 1 வரி. அந்த 20 வரிங்கறது சிபியு கணக்குல கிட்டத்தட்ட 2273 சைக்கிள், சைக்கிள்னா சிபியு கடிகாரத்தோட ஒரு துடிப்பு. அதுல ஸ்ப்ரைட் (பிளேயர், பந்து மாதிரி நகர்ற உருவம்) எல்லாத்தையும் காப்பி பண்றதுக்கே 513 இல்லன்னா 514 போயிடும். மிச்சத்துலதான் டைல் மாத்தணும்.

ஐரோப்பாவுல டிவி நம்மளுது மாதிரி பால், நொடிக்கு 50 ஃபிரேம், ஃபிரேமுக்கு 312 வரி. 50 வரி கூட வருது. நின்டெண்டோ அந்த 50 வரியையும் வீபிளாங்க்லயே சேத்து 70 வரி ஆக்கிட்டாங்க, சிபியு கணக்குல சுமார் 7459 சைக்கிள். கேம் எழுதுறவனுக்கு பெரிய வசதி.

இப்ப காப்பி மெஷினுங்க. தைவானோட யுஎம்சி கம்பெனி பால் டிவிக்காக 6527பி, 6538னு சிப்புங்க பண்ணாங்க, ரஷ்யாவுல டெண்டின்னு ஓடுன மெஷினும் இந்த வகைதான், அதனால எமுலேட்டர்காரங்க இந்த டைமிங்குக்கே டெண்டின்னு பேர் வெச்சிட்டாங்க. அவங்களுக்கும் அதே கேள்வி: கூட வர்ற 50 வரியை எங்க வெக்கிறது? அவங்க அதை என்எம்ஐக்கு முன்னாடி வெச்சாங்க. படம் முடிஞ்ச பிறகு 51 வரி சும்மா ஓடும், அதுக்கப்புறம்தான் என்எம்ஐ அடிக்கும், அங்க இருந்து பழையபடி 20 வரிதான். ஏன்னா விக்கப்போற கேசட் எல்லாம் ஜப்பான் டைமிங்குக்கு எழுதுனது. என்எம்ஐ அடிச்சதுல இருந்து இத்தனை சைக்கிள் கழிச்சி படம் ஆரம்பிக்கும்னு எண்ணி எழுதுன கேம் நிறைய இருக்கு, அந்த இடைவெளி மாறுனா படம் கிழியும். இப்படி வெச்சா அந்த இடைவெளி மாறாது, டிவிக்கும் 312 வரி கிடைச்சிடும். சிபியு வேகத்தையும் ஜப்பான் மெஷினுக்கு பக்கத்துல, 1.77 மெகாஹெர்ட்ஸ்ல வெச்சாங்க. காப்பி அடிச்சவங்கன்னு ஒரே வார்த்தைல தள்ளிடறோம், ஆனா இந்த முடிவை எடுத்த இஞ்சினியர் யாரோ, அவருக்கு நான் கை குடுப்பேன். ஜப்பான் கேசட்டுக்கு ஐரோப்பா அசல் மெஷினை விட இதுதான் அதிகம் ஒத்துப்போச்சு.

இதால இன்னொண்ணும் நடந்துச்சு. பெரும்பாலான கேம்ல பாட்டும் ஓட்டமும் ஃபிரேமுக்கு ஒரு படி. ஜப்பான்ல நொடிக்கு 60, இந்த மெஷின்ல 50. அதனால இதுல மரியோ ஆறுல அஞ்சு பங்கு வேகத்துலதான் ஓடுவான், பாட்டும் அதே அளவு மெதுவா, ஆனா சுருதி மட்டும் கிட்டத்தட்ட அசலு மாதிரியே, ஏன்னா சுருதி சிபியு வேகத்துல இருந்து வருது. யூடியூப்ல அசல் பாட்டு கேட்டு "இன்னாடா இது, இவ்ளோ ஸ்பீடா ஓடுது"ன்னு தோணுன எல்லாருக்கும் காரணம் இதான்.

தம்பி கேஸுக்கு வருவோம். கோல் விழுந்தா 10 வரிசை ஜனத்தை மாத்துறாரு, 320 டைல். சாதாரண லூப்ல (திரும்பத் திரும்ப ஓடுற கோட்) ஒரு டைலுக்கு 13 சைக்கிள் ஆகும், 4160. ஸ்ப்ரைட் காப்பியோட சேத்து 4670க்கு மேல. எமுலேட்டர்ல அவரு வெச்ச பால், ஐரோப்பா பால், 7459 இருக்கு, தாராளமா அடங்குது. அவர் வீட்டு மெஷின்ல 2273 தான். பாதிக்கு மேல படம் ஆரம்பிச்ச பிறகு எழுதுறாரு.

என் மெஷின் எந்த வகைன்னு எப்படி தெரியும்? உள்ள தொறந்து பாத்தா நிறைய மெஷின்ல கருப்பு எபாக்ஸி கட்டிதான் இருக்கும், நம்பரே இருக்காது. அதனால மெஷினையே கேக்கணும். ஒரு என்எம்ஐல இருந்து அடுத்த என்எம்ஐ வரைக்கும் ஒரு லூப்பை ஓடவிட்டு எண்ணுங்க, லூப் எத்தனை சைக்கிள்னு நமக்கு தெரியும், பெருக்கி ஸ்க்ரீன்ல காட்டுங்க. ஜப்பான், அமெரிக்கா மெஷின்னா 29780 பக்கம் வரும், ஐரோப்பா என்இஎஸ்னா 33247, டெண்டி வகைன்னா 35464. மூணுக்கும் நடுவுல நல்ல இடைவெளி, குழப்பமே வராது. தம்பி இதை எழுதி ஓட்டிட்டு போட்டோ அனுப்புனாரு, 35 ஆயிரத்து சொச்சம். மீசன், எஃப்சியுஎக்ஸ்ங்கற ரெண்டு எமுலேட்டர்லயும் டெண்டின்னு தனியா ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை போட்ட உடனே லேப்டாப்லயே அதே குதி, அதே குப்பை. வீட்டுல நடக்குற தப்பு டேபிள்ல திரும்ப நடக்க ஆரம்பிச்சிடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

சரி பண்றது சுலபம். டைல் மாத்தவேண்டிய லிஸ்டை படம் ஓடும்போதே ரேம்ல தயார் பண்ணிடுங்க, என்எம்ஐல வெறும் காப்பி மட்டும். ஒரு ஃபிரேமுக்கு ரெண்டு வரிசை, 64 டைல், 832 சைக்கிள், ஸ்ப்ரைட்டோட சேத்தும் 1350 தாண்டாது. 10 வரிசை அஞ்சு ஃபிரேம்ல முடியும், நொடில பத்துல ஒரு பங்கு. கீழ் வரிசையில இருந்து ஆரம்பிச்சீங்கன்னா ஜனம் அலை மாதிரி எழும்பும், ஒரே நேரத்துல மொத்தமா எழுந்திருக்கிறதை விட அதுதான் கண்ணுக்கு நல்லா இருக்கும்.

டெஸ்ட் பண்றதுக்கு செலவு ஒண்ணும் பெருசா இல்ல. 2006ல இருந்து அரசாங்கம் குடுத்த 14 இஞ்ச் கலர் டிவி இன்னும் நிறைய வீட்டு பரண்ல இருக்கு, அதுக்கப்புறம் ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்பும் இருக்கு, எமுலேட்டருக்கும், நாம எழுதுறதை மெஷின் மொழியா மாத்துற அசெம்ப்ளருக்கும் அதுவே போதும், எல்லாம் இலவச சாஃப்ட்வேர். இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். நம்ம பாலிடெக்னிக்லயும் இஞ்சினியரிங் காலேஜ்லயும் இன்னும் 8085ங்கற பழைய ப்ராசஸர் கிட்டுல ரெண்டு நம்பரை கூட்டி சிவப்பு டிஸ்ப்ளேல பாக்க வெக்கிறாங்க, பசங்க மனப்பாடம் பண்ணி லேப் எக்ஸாம் எழுதிட்டு மறந்துடறாங்க. 6502வும் அதே காலத்து சிப்புதான், 1975. ஆனா இதுல எழுதுனா ஒரு ஆளு ஓடுவான், பந்து உருளும், டைமிங் தப்புனா கண்ணு முன்னாடி படம் உடையும். ஐஐடி மெட்ராஸ்ல சக்தின்னு சொந்தமா ப்ராசஸர் டிசைன் பண்றாங்க, அதுக்கு பணம் போறது ரொம்ப நியாயம், அந்த வேலைக்கு நாளைக்கு வடசென்னையில இருந்து பசங்க போகணும்னா சைக்கிள் எண்ணத் தெரிஞ்சவனா போகணும், அதுக்கு ஏஐ லேபுக்கு ஒதுக்குறதுல ஒரு சின்ன துண்டு இந்த மாதிரி லேபுக்கும் வரணும்.

அப்புறம் அந்த ஊதுற பழக்கம். கேசட் ஓடலன்னா எடுத்து ஊதி போடுறது நம்ம தெருவுல எல்லாருக்கும் பரம்பரை வைத்தியம். ஊதுறதால ஓடல, வெளிய எடுத்து மறுபடி சொருகும்போது பின் உரசி கான்டாக்ட் கிடைக்குது, அதனால ஓடுது. மூச்சுல இருக்குற ஈரம் அந்த உலோகத்தை மெதுவா அரிக்கும், நம்ம கடக்கரை காத்துக்கு அது போதாதா. இயர்பட்ஸ்ல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு துடைங்க, காயவிட்டு போடுங்க. கேம் டெஸ்ட் பண்றவங்களுக்கு இது முக்கியம், ஏன்னா கான்டாக்ட் சரியில்லாத கேசட்டும் குப்பை டைல்தான் காட்டும், உங்க கோட்ல இல்லாத தப்பை ராத்திரி பூரா தேடிட்டு இருப்பீங்க.

தம்பி, அனுப்புறதுக்கு முன்னாடி இன்னும் மூணு இடம் பாருங்க. நிஜ மெஷின்ல ஆன் பண்ண உடனே ரேம்ல என்ன இருக்கும்னு சொல்ல முடியாது, அதனால எல்லாத்தையும் நீங்களே சுழியம் ஆக்கிடுங்க, மீசன்ல ரேமை ரேண்டமா வெச்சி ஆரம்பிக்கிற செட்டிங்கும் இருக்கு. கன்ட்ரோலர் ரப்பர் தேய்ஞ்சி போனா இடமும் வலமும் ஒண்ணா அமுங்கும், அப்ப உங்க பிளேயர் கோல் போஸ்டுக்குள்ள புகுந்து போறானான்னு பாருங்க. கடைசியா, பழைய டிவி ஓரத்துல கொஞ்சம் படத்தை மறைச்சிடும், நீங்க அனுப்புன போட்டோல ஸ்கோர் பாதி வெட்டுப்பட்டிருக்கு, அதை மேல இருந்து மூணாவது வரிசைக்கு இறக்கிடுங்க.