பரீட்சை அட்டையால விசிறின அண்ணன்

போன வாரம் ஒரு வாசகி மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. வீட்டுல ஆறு வயசுப் பையன், ரெண்டரை வயசுப் பொண்ணு. சாயங்காலம் ரிமோட்டுக்கு நடந்த சண்டையில அண்ணங்காரன் தங்கச்சி கையைக் கடிச்சே வச்சுட்டான். அன்னைக்கு ராத்திரி கரண்ட் போயிடுச்சு, புழுக்கத்துல இவங்க முழிச்சுப் பார்த்தா, அதே பையன் தூக்கக் கலக்கத்துல உக்காந்து பரீட்சை அட்டையால தங்கச்சிக்கு விசிறிட்டு இருக்கான், யாரும் சொல்லலை, அம்மா பாக்குறாங்கன்னும் அவனுக்குத் தெரியாது. "ரத்த பாசம்னு சொல்றது இதுதானா சார்?"ன்னு கேட்டிருந்தாங்க.

ஜீன் கணக்கை வேகமா சொல்லிடறேன், ஸ்கூல்ல படிச்சதுதான். கூடப்பொறந்தவங்களுக்குள்ள சராசரியா பாதி ஜீன் பொது. 1964ல ஹாமில்டன்ங்கற இங்கிலாந்துக்காரர் இதை வச்சு ஒரு விதி எழுதினார்: தங்கச்சிக்குக் கிடைக்கிற லாபத்துல பாதி, எனக்கு ஆகற செலவை விட அதிகம்னா, அந்த மாதிரி உதவ வைக்கிற ஜீன் தலைமுறை தலைமுறையா பரவும். இதுக்கு முன்னாடியே ஹால்டேன்ங்கற உயிரியல் விஞ்ஞானி (1957ல இந்தியாவுக்கு வந்து இங்கயே தங்கி, புவனேஸ்வர்ல காலமானவர்) ரெண்டு சகோதரருக்காகவோ எட்டு கசினுக்காகவோ உயிரைக் குடுப்பேன்னு ஜோக்கடிச்சதா சொல்வாங்க.

எல்லாம் சரி, ஆனா அந்தப் பையனுக்கு இவ தன் தங்கச்சின்னு எப்படித் தெரியும்? அம்மா சொன்னாங்க, அதனால தெரியும்னு நீங்க சொல்லலாம். ஆனா பேச்சே வராத காலத்துலேர்ந்து ஓடிட்டு வர்ற கணக்கு இது, ஜீனைக் கண்ணால பாக்கவும் முடியாது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்ங்கறோம், சதைக்கு யார் சொன்னா?

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதான். 2007ல லீபர்மேன், டூபி, காஸ்மிடிஸ்னு மூணு பேர் நேச்சர் பத்திரிகையில ஒரு ஆய்வு போட்டாங்க. மூளை உள்ளுக்குள்ள துப்பறியும் வேலை பாக்குது, அதுக்கு ரெண்டு துப்பு இருக்குங்கறாங்க. மூத்தது என்ன பாக்குது? நம்ம அம்மா ஒரு பச்சைக் குழந்தையை மடியில போட்டுப் பால் குடுக்கறதைப் பாக்குது. லட்சக்கணக்கான வருஷமா புட்டிப்பாலும் கிடையாது ஆஸ்பத்திரியும் கிடையாது, அப்ப அம்மா மடியில கிடக்கறது அநேகமா அம்மா பெத்ததாத்தான் இருக்கும், இதை விட நல்ல சாட்சி வேணுமா. ஆனா இளையதுக்கு இந்தச் சாட்சியே கிடைக்காது பாருங்க, அக்கா பொறந்தப்ப அது எங்க இருந்துச்சு? அதனால அது வேற வழியில போகுது, ஒரே கூரைக்குக் கீழ எத்தனை வருஷம் சேர்ந்து வளர்ந்தோம்னு மீட்டர் ஓட்டுது.

மாசத்துக்கு எத்தனை உதவி செய்வீங்க, தேவைப்பட்டா கிட்னி குடுப்பீங்களான்னு எல்லாம் கேட்டிருக்காங்க. இளையவங்ககிட்ட சேர்ந்து வாழ்ந்த வருஷம் கூடக்கூட பாசமும் கூடுது. மூத்தவங்க, அதாவது அந்தப் பால்குடிக் காட்சியைப் பார்த்தவங்ககிட்ட, வருஷக் கணக்கு எடுபடவே இல்லை. அந்த ஒரு துப்பு கிடைச்சதுமே மூளை கேஸை மூடிடுது! ஆக, ரத்தத்துக்கு ஒண்ணும் தெரியாது, கண்ணுக்குத்தான் தெரியும்.

ஒரு குறை சொல்லணும். கேட்டதெல்லாம் அமெரிக்கக் காலேஜ் பசங்ககிட்ட, கிட்னி குடுப்பேன்னு பேப்பர்ல டிக் அடிக்கறதும் நடு ராத்திரி எழுந்து விசிறறதும் ஒண்ணா? நம்ம ஊர்ல ரெண்டாவது பிரசவத்துக்கு அம்மா தாய்வீட்டுக்குப் போயிடுவாங்க, ஸ்கூல் இருக்குன்னு மூத்தது அப்பாகூடவே நின்னுடும், மூணு மாசம் கழிச்சுத்தான் பாப்பாவைப் பாக்கும், அப்ப அதோட துப்பு என்ன ஆகும்? சித்தப்பா பசங்களும் பெரியப்பா பசங்களும் ஒரே பாயில உருண்டு வளர்ற வீட்டுல மீட்டர் எப்படி ஓடும்? இதைக் கண்டுபிடிக்க கோடி ரூபாய் மெஷின் வேண்டாம், நாலு ஆளும் ரெண்டு வருஷச் சம்பளமும் போதும், ஆனா இந்த மாதிரி சின்னக் கேள்விக்கு காசு கேட்டுப் போனா ஏற இறங்கப் பாப்பாங்க. கொடி சுத்திப் பொறந்தா மாமனுக்கு ஆகாதுன்னு சொல்றவருக்கு மட்டும் யோசிக்காம ஐநூறு ரூபாய் எடுத்து வைப்போம்.

அந்தப் பையனுக்கு காலையில சாக்லேட் குடுத்துப் பாராட்டலாமான்னும் கேட்டிருந்தாங்க. வேண்டாம்ங்க. வார்னெக்கன், டொமாசெல்லோன்னு ரெண்டு பேர் 2008ல 20 மாசக் குழந்தைங்களை வச்சுப் பார்த்தாங்க, உதவினதுக்குப் பரிசு வாங்கின குழந்தைங்க அப்புறம் பரிசு இல்லாதப்ப குறைவாத்தான் உதவுச்சுங்க. தட்டிக் குடுங்க, போதும்.

இதை எழுதிட்டு எங்க அக்காவுக்கு போன் போட்டு முழுசா விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "துப்பாவது ஒண்ணாவது போடா"ன்னா. "நீ பொறந்து மூணு மாசம் அம்மா உன்னை மடியை விட்டு இறக்கவே இல்லை, நான் கட்டில் காலைப் புடிச்சுட்டு நின்னு பாத்துட்டே இருப்பேன், எங்க வச்சு உன்னைக் கிள்ளலாம்னு."