தொட்டுப் பார்க்காமல் எழுதப்படும் கைவினை விமர்சனம்

கைவினை, வடிவமைப்புக் கண்காட்சிகளைப் பற்றி நான் எழுதத் தொடங்கிய காலத்தில், ஒரு குயவரின் கிண்ணங்களைக் குறித்த மதிப்புரையை, கண்காட்சியாளர்கள் அனுப்பிய ஒளிப்படங்களையும் அறிமுகக் குறிப்பையும் மட்டுமே வைத்துக்கொண்டு எழுதி முடித்தேன். மெல்லிய விளிம்பு என்றும், இறகு போன்ற எடை என்றும் வருணித்திருந்தேன். கட்டுரை அச்சான பிறகு அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்தபோது அது செங்கல்லாகக் கனத்தது. விளிம்பு மட்டுமே மெலிந்திருந்தது. அதற்குக் கீழே சுவர் முழுவதும் தடித்திருந்தது. எடுப்பவரின் கைக்குக் கனம் தெரியவேண்டும் என்பதற்காகவே அப்படி வனைந்ததாக அந்தக் குயவர் மிகுந்த மரியாதையுடன் சொன்னார். அவர் செய்யாத ஒன்றுக்காக நான் அவரைப் புகழ்ந்திருந்தேன்.

பிறர் எழுதியவற்றைத் திருத்தும் வேலையும் பின்னர் என்னிடம் வந்தது. பொருளைக் கையில் எடுத்தீர்களா என்பதே எழுதுபவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி. அருங்காட்சியகத்தில் தொட விடமாட்டார்கள் என்பது உண்மைதான்; ஆனால் முன்கூட்டிக் கேட்டால் பல கலைஞர்கள் தம் பட்டறையிலேயே எடுத்துப் பார்க்க விடுகிறார்கள். அதற்கும் வழியில்லையென்றால், படத்தைப் பார்த்தே எழுதினேன் என்று வாசகரிடம் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல ஏனோ பலருக்கும் மனம் வருவதில்லை.

கையில் எடுத்துப் பார்ப்பதால் என்ன தெரிந்துவிடும்? மட்பாண்டத்தையே எடுத்துக்கொள்வோம். சூளையில் சுட்ட கலம் குளிரும்போது, மேலிருக்கும் மெருகுப்பூச்சு அடியிலிருக்கும் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால், பூச்சின் மேல் வலை போன்ற நுண்விரிசல் விழும். சீனாவில் சோங் அரசமரபுக் காலத்தில் (960–1279) குவான் வகைக் கலங்களில் இந்த விரிசலையே அழகாக வளர்த்தெடுத்தார்கள். ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் சுடப்பட்டு, மண் நன்றாக இறுகிய கலத்தில் அந்த விரிசலால் கசிவு வராது. குறைந்த வெப்பத்தில் சுட்டு, நுண்துளைகள் அடையாமல் நிற்கும் கலத்தில் அதே விரிசல் வழியாக நீர் இறங்கும், கறையும் ஏறும். இரண்டும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். விரிசலைக் கண்டவுடன் காலம் இட்ட கையெழுத்து என்று உருகி எழுதுபவர், இது தேர்ந்து செய்ததா, தவறி நேர்ந்ததா என்பதைத் திருப்பிப் பார்த்து, பூச்சில்லாத அடிவளையத்தில் மண் எப்படி இறுகியிருக்கிறது என்று விரலால் தடவியாவது அறிந்திருக்க வேண்டும்.

மரச்சாமான்களிலும் இதே நிலைதான். பலகை காற்றின் ஈரத்துக்கேற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும்; நீளவாக்கில் அநேகமாக மாறாது. மேசையின் மேற்பலகையை அசைய இடமில்லாமல் சட்டத்தோடு ஒட்டிவிட்டவரின் வேலை, பருவம் மாறும்போது வெடிக்கக்கூடும். இதைக் கண்டுபிடிக்க மேசைக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். (திறப்பு விழா உடையில் தரையில் மண்டியிடுவது சங்கடந்தான்.) நெசவென்றால் துணியைப் புரட்டிப் பின்பக்கம் பார்க்க வேண்டும், ஊடை (குறுக்கிழை) எங்கே முடிந்தது, இழை எங்கே மாறியது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

கைவினையைப் பற்றிக் கறாராக எழுதினால் கலைஞர் மனம் புண்படும் என்ற தயக்கம் பரவலாக இருக்கிறது. இத்துறையின் எழுத்து வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. 1961-இல் ‘கிராஃப்ட் ஹொரைசன்ஸ்’ என்ற அமெரிக்க இதழில் அதன் ஆசிரியர் ரோஸ் ஸ்லிவ்கா, பயன்பாட்டைப் பொருட்படுத்தாமல் மண்ணைச் சிற்பமாக்கிய பீட்டர் வோல்கோசையும் அவர் தலைமுறை மண்கலைஞர்களையும், உருவங்களைச் சித்திரிக்காத அன்றைய அரூப ஓவியத்தோடு சேர்த்து வைத்து எழுதினார். பயன்பாட்டுக் கலத்தைக் கைவிடுவதா என்று வாசகர்கள் கொதித்துக் கடிதம் எழுதினார்கள். அச்சண்டையின் வழியாகத்தான் மட்பாண்டம் எதுவாக இருக்கலாம் என்ற கேள்வி பொதுவெளிக்கு வந்தது. 1969-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஷீலா ஹிக்ஸ், மக்தலேனா அபகனோவிச் போன்றோரின் இழைப்படைப்புகளைக் காட்சிக்கு வைத்தபோது, அதே இதழில் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா மதிப்புரை எழுதினார். அந்தப் படைப்புகள் அலங்காரத்திலிருந்து பெரும்பாலும் விடுபடவில்லை என்பது அவர் தீர்ப்பு. அவர் பெற்றோர் பழைய சித்திரத்திரைகளைச் செப்பனிடும் பட்டறை நடத்தியவர்கள். இழையை அறியாமல் சொன்ன சொல் அல்ல அது. அத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அலங்காரத்தைக் குறையாக வைத்தே அவர் அளக்கத் தொடங்குகிறார். ஆயினும் அவர் படைப்பைப் பேசினார், படைத்தவரின் வாழ்க்கைக் கதையைப் பேசவில்லை. அதனால்தான் இன்றும் அவரோடு வாதிட முடிகிறது.

என் மேசைக்கு வரும் மதிப்புரைகளில் பாதிக்கு மேல் கலைஞரின் வாழ்க்கைக் கதையாகவே முடிந்துவிடுகின்றன. அத்தகைய கட்டுரைகளில் கலைஞரின் பெயரை அழித்து இன்னொருவர் பெயரை எழுதிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு வாக்கியமும் தடுக்கி விழாவிட்டால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

வடிவமைப்பை எழுதும்போது பயன்பாடு என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஃபிலிப் ஸ்டார்க் வடிவமைத்து 1990-இல் அலெஸ்ஸி நிறுவனம் வெளியிட்ட, மூன்று கால்களில் நிற்கும் எலுமிச்சை பிழியும் கருவி உலகப் புகழ் பெற்றது. பின்னர் அதற்குப் பொன்முலாம் பூசிய பதிப்பும் வந்தது. பழச்சாற்றின் அமிலம் அந்த முலாமைக் கெடுத்துவிடும். அதைச் சிற்பமாக மதிப்பிடலாம், கருவியாகவும் மதிப்பிடலாம். எந்த அளவுகோலை எடுத்திருக்கிறோம் என்பதைச் சொல்லாமல் இரண்டுக்கும் நடுவில் வழுக்கிச் செல்லும் எழுத்தே என்னைச் சலிப்படையச் செய்கிறது. மாறாக, 1859-இல் வந்த, தோனெட் என்ற மரச்சாமான் நிறுவனத்தின் 14-ஆம் எண் நாற்காலியைப் பாருங்கள். வளைமரத்தாலான ஆறு பாகங்கள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. அதன் வளைவின் அழகை மட்டும் எழுதி, பெட்டியை விட்டுவிட்டால் அந்த நாற்காலியைப் பாதிதான் பார்த்ததாகும்.

கண்காட்சி மலர்க் கட்டுரைக்குப் பணம் கொடுப்பவர் பெரும்பாலும் படைப்பை விற்பவரே. அவ்வகையில் எழுதுவது குற்றமில்லை, நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அதே கட்டுரையைச் சற்று மாற்றி, யார் எழுதச் சொன்னார்கள் என்பதைக் குறிப்பிடாமல் இதழில் மதிப்புரையாக வெளியிடுவது வாசகரை ஏமாற்றுவது. வாங்குபவர்கள் அத்தகைய எழுத்தை நம்பியே விலை கொடுக்கிறார்கள்.

மட்பாண்டங்களைப் பற்றி எழுதும்போது உயரம், விட்டம் ஆகியவற்றோடு எடையையும் இப்போது கிராமில் குறிப்பிடுகிறேன். பக்கத்தில் இடம் போதாதபோது இதழாசிரியர்கள் முதலில் வெட்டுவது அந்த எண்ணைத்தான்.