மீன் எண்ணெய் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

"கொழுப்பு மாத்திரையை விட்டு ரெண்டு மாசம் ஆச்சும்மா, இப்ப இதுதான் போடறேன்" என்று மேஜைமேல் ஒரு டப்பாவை வைத்தார் அந்தப் பெரியவர். 62 வயது, மூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்டென்ட் வைத்தவர். அமெரிக்காவிலிருக்கும் மகன் கொண்டுவந்து கொடுத்த மீன் எண்ணெய் கேப்ஸ்யூல். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 1000 மி.கி.

திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் இபிஏ 180, டிஹெச்ஏ 120. மீனில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு என்பது இந்த இரண்டும்தான். கூட்டினால் 300. அந்த ஆயிரம் வெறும் எண்ணெயின் எடை; எந்த ஒமேகா-3க்காகக் காசு கொடுக்கிறோமோ அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதைச் சொன்னதும் அவர் கேட்டது: "அப்ப மூணா போட்டுக்கட்டுமா?"

மூன்று போட்டால் ஒமேகா-3 கிட்டத்தட்ட ஒரு கிராம் வரும். இந்தப் பதிவே அந்தக் கேள்விக்காகத்தான்.

1999இல் இத்தாலியில் மாரடைப்பு வந்த 11,000 பேருக்கு மேல் வைத்து நடந்த ஜிஸ்ஸி ஆய்வில், தினம் ஒரு கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களிடம் இறப்பு குறைந்தது. மீன் எண்ணெய்க்கு வந்த நல்ல பெயரில் பாதி அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அப்போது இன்றுபோல எல்லா இதய நோயாளிகளுக்கும் ஸ்டாடின் (இவர் நிறுத்திய அந்தக் கொழுப்பு மாத்திரைதான்) கொடுக்கும் வழக்கம் இல்லை. 2018இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன: சுமார் 26,000 பேரிடம் வைட்டல், 15,000க்கும் அதிகமான சர்க்கரை நோயாளிகளிடம் அசெண்ட். அதே ஒரு கிராம்தான், மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது சொல்லும்படியான பலன் இல்லை. மாரடைப்புக்குப் பிறகு இன்னொன்று வராமல் தடுக்க இது உதவாது என்று ஐரோப்பிய மருந்து முகமையும் சொல்லிவிட்டது.

சரி, அளவைக் கூட்டினால்? ரெட்யூஸ்-இட் ஆய்வில் தினம் 4 கிராம் சுத்திகரித்த இபிஏ கொடுத்தபோது இதயச் சிக்கல்கள் 25 சதவீதம் குறைந்தன. ஆனால் அது டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கும் மருந்து, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடியவர்களுக்கு, அதுவும் ஸ்டாடினோடு சேர்த்து. ஒப்பிட்டுப் பார்க்க மற்றவர்களுக்குக் கொடுத்த மினரல் ஆயிலே அவர்களுக்குக் கெடுதல் செய்திருக்கலாம் என்ற சண்டையும் இன்னும் ஓயவில்லை. 4 கிராமில் இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் கொடுத்த ஸ்ட்ரென்த் ஆய்வில் பலனே இல்லை. இரண்டு ஆய்வும் ஒத்துப்போன ஒரு விஷயம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு கூடியது: ரெட்யூஸ்-இட்டில் அதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் நூற்றுக்கு 2.1 பேரிலிருந்து 3.1 ஆனார்கள். இதயம் தாறுமாறாகத் துடித்து, உள்ளே ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போனால் பக்கவாதம்.

இவருக்கு நான் பயந்தது கேப்ஸ்யூலைப் பார்த்து அல்ல, அதை நம்பி நிறுத்திய ஸ்டாடினைப் பார்த்துத்தான். அன்றே திரும்ப ஆரம்பித்தோம். மீன் சாப்பிடுபவர்தான், வாரம் இரண்டு நாள் மத்தியோ கானாங்கெளுத்தியோ குழம்பு வைத்தால் போதும் என்றேன் (பொரித்தே தீர வேண்டும் என்றால் என்னிடம் கேட்காதீர்கள்). சைவக்காரர்கள் நம்பும் ஆளிவிதையில் இருப்பது வேறு வகை ஒமேகா-3, உடலுக்குள் அதில் கொஞ்சம்தான் இபிஏவாக மாறும். அப்புறம் மீன் ஈரல் எண்ணெய் என்பது தனி சரக்கு. அதில் வைட்டமின் ஏ நிறைய, கர்ப்பிணிகள் தானாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

"இன்னும் பாதி டப்பா இருக்கே, வீணாப் போயிடாதா?" என்றார். ஒன்றைக் கத்தரித்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். சமையலறை ஜன்னலோரம் வெயிலில் இருந்த டப்பாவாம். சிக்கு வாடை எனக்கே அடித்தது. முகத்தைச் சுளித்தவர், மகனுக்கு போன் போடப் போனார்.