குங்குமப்பூப் பாலும் இரும்பு மாத்திரையும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கர்ப்பிணிகள் வந்துபோகும் ஒரு கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். அண்மையில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 9.2. கர்ப்பிணிக்கு அது 11-க்குக் கீழே இறங்கக் கூடாது.

"இரும்பு மாத்திரை போடுறியாம்மா?"

"ஒருநாள்கூட விட்டதில்ல மிஸ்ஸி. ராத்திரி குங்குமப்பூப் பால் குடிக்கிறப்ப சேர்த்தே போட்டுக்குவேன்."

பாலில் உள்ள கால்சியம் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. தேத்தண்ணியும் அப்படித்தான். கொய்யாப்பழமோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து மாத்திரையைப் போடு, பாலை இரண்டு மணி நேரம் தள்ளிக் குடி என்றேன்.

கூட வந்த மாமியார் பையிலிருந்து குங்குமப்பூ டப்பாவை எடுத்தார். 1 கிராம், 30 வெள்ளியாம் (ரிங்கிட்). "பிள்ளை செவப்பா பொறக்கணும்ல?" வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு இழை போட்டேன். போட்ட கையோடு தண்ணீர் ரத்தச் சிவப்பானது, இழைகள் வெளுத்துப்போயின. அசல் பூ மெதுவாகத்தான் பொன்மஞ்சளாகச் சாயம் விடும். இழை சிவப்பாகவே கிடக்கும். இவர்கள் வாங்கியது சாயமேற்றிய ஏதோ நார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த 30 வெள்ளிக்கு எத்தனை முட்டை, எவ்வளவு நெத்திலி வாங்கியிருக்கலாம்!

ஒரு பூவில் மூன்றே மூன்று சூலக இழைகள். 1 கிராமுக்குச் சுமார் 150 பூக்களைக் கையால் பறிக்க வேண்டும். உலக விளைச்சலில் பெரும்பங்கு ஈரானில். காஷ்மீரின் பாம்பூரிலும் விளைகிறது. அவ்வளவு உழைப்பு உள்ள பொருள் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

அசலே ஆனாலும் பிள்ளையின் நிறம் மாறாது. அது அப்பா அம்மாவின் மரபணு தருவது. கறுப்பாகப் பிறந்தால் என்ன குறை என்று ஒவ்வொரு பாட்டியிடமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

லேசான மனச்சோர்வுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் குங்குமப்பூ கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. ஏற்கெனவே மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். பாலில் இரண்டு மூன்று இழை கர்ப்பிணிக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கிராம் கணக்கில் போனால் கருப்பையைச் சுருங்க வைக்கும். 5 கிராமைத் தாண்டினால் நஞ்சு.

எனக்கு அதிகக் கவலை தருவது பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 'குங்குமப்பூ' என்று விற்கும் வெள்ளையாக்கும் கிரீம்கள். ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால் அதில் பாதரசம் இருக்கலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றுப் பிள்ளையின் மூளை நரம்பையும் விடாது. டப்பாவில் NOT (என்.ஓ.டி.) என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் எண் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

சமையலுக்குக் குங்குமப்பூவைத் தயங்காமல் போடுங்கள். நான்கு பேர் பாயசத்துக்குப் பத்து இழை போதும். அரை ஸ்பூன் சீனியோடு நுணுக்கி, இளஞ்சூட்டுப் பாலில் இருபது நிமிடம் ஊறவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள். கொதிக்கவிட்டால் வாசம் பறந்துவிடும்.